இருதயம் விடுக்கும் எச்சரிக்கை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



காலையிலிருந்து இம்முகாமில் குடிநீர், சாலை, பள்ளிக்கூடம், ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பலர் பேசினார்கள். நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு நோயைப் பற்றியது. ஊர் முன்னேற்றம் பேசும் மன்றத்தில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களில் எவரேனும் நினைக்கலாம். ஒரு குடும்பத்தில் உழைக்கும் கை ஒன்று ஓய்ந்துவிட்டால், அக்குடும்பத்தின் வரவு குறைகிறது. நோயுற்றவரைப் பார்த்துக்கொள்ள மற்றொருவரும் வேலையை விட்டு வீட்டில் தங்க நேரிடுகிறது. வைத்தியச் செலவுக்கு நகை அடகுக்குப் போகிறது. பிறகு நிலமும் போகிறது. பத்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பொருள் பத்து நாள் ஆஸ்பத்திரி வாசத்தில் கரைந்துபோவதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். ஆகவே, உடல் நலத்தைப் பற்றிய பேச்சும் ஊர் நலத்தைப் பற்றிய பேச்சே ஆகும்.

அதிலும் இன்று நாம் சொல்லப் போகும் நோய், பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. முன்னாளில் ஆற்றில் வெள்ளம் வருமுன் ஊரில் தண்டோரா போடுவார்கள். அதைக் கேட்டவர்கள் மேட்டுக்குப் போய்ப் பிழைத்தார்கள். அதுபோல இந்நோயும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு வருகிறது. அந்த அறிவிப்பை நாம் வயதின் மேலும், வெயிலின் மேலும், வாயுவின் மேலும் பழி போட்டுத் தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளாதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இங்கு வந்திருக்கிறோம்.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பெயர். தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லை வைத்தியர் வாயிலிருந்து கேட்டவுடன், இருதயம் நின்றுவிட்டது போலும் என்று எண்ணி வீட்டார் அழத் தொடங்கிவிடுகின்றனர். இருதயம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துத் தரும் வலிமை அதற்குக் குறைந்துவிட்டது. ஆதலால் இன்றைய பேச்சில் நாம் இதனை 'இருதயத் தளர்ச்சி' என்றே குறிப்பிடுவோம்.

மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. இருதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் திடீரென்று அடைபடுவது மாரடைப்பு. இருதயத் தளர்ச்சி பெரும்பாலும் மெல்ல மெல்ல வருவது. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

இருதயம் நம் மூடிய கை முட்டியின் அளவே உடையது. உடல் ஓய்ந்திருக்கும்போது அது நிமிடம் ஒன்றுக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடித்து, 7,000 லிட்டர் அளவுக்கு இறைக்கிறது. இரத்தம் இவ்வாறு இருதயத்திலிருந்து கிளம்பி உடலெங்கும் சுற்றி மீண்டும் இருதயத்துக்கே வந்து சேருகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதி நிலைநாட்டினார்.

வயலுக்கு நீர் இறைக்கும் எந்திரத்தை நீங்கள் யாவரும் அறிவீர்கள். எந்திரம் வலுக்குன்றினால் இரண்டு கேடுகள் நேரிடும். ஒன்று, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் பயிர் வாடும். மற்றொன்று, எந்திரத்துக்குப் பின்புறம் இறைக்கப்படாத நீர் தேங்கிக் கரை கசியும். இருதயம் தளர்ந்தாலும் இதே இரண்டு கேடுகள்தாம். கை கால்களுக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய இரத்தம் போகாமையால் அயர்வு உண்டாகிறது. இருதயத்துக்குப் பின்னால் இரத்தம் தேங்குவதால் நீர் கசிகிறது. இருதயத்தின் இடப்பாகம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. வலப்பாகம் தளர்ந்தால் பாதம், கணுக்கால், வயிறு, கல்லீரல் ஆகிய இடங்களில் நீர் தேங்கி வீக்கம் காண்கிறது.

இதற்கிடையே சிறுநீரகம் வேறு ஒரு தவறு செய்கிறது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததைக் கண்டு, உடலில் நீர் வற்றிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே தேங்கிய நீரோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. தளர்ந்த இருதயத்தின் மேல் சுமை மேலும் ஏறுகிறது. இந்நோய் தானாகத் தணியாமல் நாளுக்கு நாள் முற்றுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

தளர்ச்சி எதனால் வருகிறது?

முதற் காரணம் மாரடைப்பு. அடைப்பு ஏற்பட்டபோது இருதயத் தசையில் ஒரு பகுதி மடிந்துவிடுகிறது. பிழைத்த பகுதி முழுச் சுமையையும் தாங்கித் தாங்கிப் பிறகு தளர்கிறது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் இருதயத் தளர்ச்சியால் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி 2013-ஆம் ஆண்டில் ஒரு பதிவேடு தயாரித்தனர். அதில் இடம்பெற்ற 1,205 பேரில் 72 சதவீதத்தினருக்கு இருதய இரத்தக் குழாய் நோயே அடிப்படையாக இருந்தது. அவர்களுடைய சராசரி வயது சுமார் 61. மேலை நாடுகளில் இந்நோயால் ஆஸ்பத்திரிக்கு வருவோரில் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். நம் பக்கத்தில் அது பத்து ஆண்டு முந்தி வந்துவிடுகிறது. இதனைக் கிழவர்களின் நோய் என்று ஒதுக்கிவிட இயலாது.

இரண்டாவது காரணம் இரத்தக் கொதிப்பு. இது வலிக்காது; காய்ச்சலைப் போல உடம்பைச் சுடாது. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கொதிப்பு உண்டு என்று பொருள். மேட்டுக்கு நீர் ஏற்றும் எந்திரம் விரைவில் தேய்வது போல, அதிக அழுத்தத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் இறைக்கும் இருதயம் முதலில் தடித்து, பிறகு தளர்கிறது. நீரிழிவும் புகையிலையும் இந்த இரண்டு காரணங்களுக்கும் துணை நிற்கின்றன.

மூன்றாவது, வால்வுகளின் பழுது. இதன் தொடக்கம் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. சிலருக்குச் சில வாரங்களுக்குப் பின் முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கும். மூட்டு வலி ஆறிவிடும். ஆனால் இருதய வால்வில் பட்ட வடு ஆறாது. அப்பிள்ளை 20, 25 வயதை அடையும்போது மூச்சு வாங்கத் தொடங்கும். நன்கு இருந்த பெண், கர்ப்பம் தரித்த ஆறாம் ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் திணறுவதும் உண்டு. இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை நீடித்துச் செயற்படும் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் விடாமல் போட்டுவந்தால், காய்ச்சல் திரும்பி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காக்கலாம். ஊசி வலிக்கிறது என்று பிள்ளை அழுவதால் பெற்றோர் நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தலாகாது. முற்றிலும் கெட்ட வால்வை மாற்றும் வசதியும் இன்று உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் இந்தியாவிலேயே உருவாக்கிய செயற்கை வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும் வால்வை மாற்றுவதைவிடத் தொண்டை வலியை உடனே கவனிப்பது எளிது அல்லவா?

நான்காவது, இருதயத் தசையே நோயுறுவது. நெடுநாள் மிகுதியாக மது அருந்துவோருக்கும், சிலவகைக் கிருமிகள் தாக்கியவர்களுக்கும் இது வரலாம். பிரசவத்துக்கு முந்திய கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை, அதுவரை எந்தக் குறையும் இல்லாத தாய்மாருள் சிலருக்கும் இருதயத் தசை தளர்வதுண்டு. கர்ப்பக் காலத்தில் கால் சற்று வீங்குவது இயல்பே. ஆனால் நிமிர்ந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டுவது இயல்பன்று.

இவை தவிர, கடுமையான இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, சிறுநீரக நோய் ஆகியனவும் தளர்ச்சியை உண்டாக்கும். முன்னரே தளர்ந்த இருதயத்தை மேலும் கெடுக்கும். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து உணவில் குறைந்தால் பெரிபெரி என்ற நோய் வந்து, அதனாலும் இருதயம் தளரும். மிகவும் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த மக்களிடையே முற்காலத்தில் இது மிகுதியாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள இச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்குகிறது. புழுங்கலரிசி உண்ணும் நம் முன்னோர் வழக்கத்தில் இப்படி ஒரு நன்மையும் அடங்கியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

அறிகுறிகளை நினைவில் வைத்துக்கொள்ளும்படி உங்களை, சிறப்பாகத் தாய்மார்களை, வேண்டுகிறோம். ஏனெனில் நோயாளி சொல்லாததை வீட்டுப் பெண்களின் கண்தான் முதலில் காண்கிறது.

முதலாவது, மூச்சு வாங்குதல். போன ஆண்டு தண்ணீர்க் குடத்தோடு நிற்காமல் வந்தவர், இந்த ஆண்டு வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைக்கிறார். வரப்பில் நடந்து போகும்போது பாதியில் நின்று, யாரிடமோ பேச நிற்பதுபோல் நிற்கிறார். இந்த மாறுதலைக் கவனியுங்கள்.

இரண்டாவது, படுக்கையில் மூச்சு முட்டுதல். மட்டமாகப் படுத்தால் திணறுகிறது. தலையணையை உயர்த்தினால் தணிகிறது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகிறது. தூங்கி ஓரிரு மணி நேரம் சென்றபின் திடுக்கிட்டு எழுந்து, காற்றைத் தேடித் திண்ணைக்குப் போய் உட்காருகிறார். இரவில் படுத்ததும் தொடங்கும் வறட்டு இருமலும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

மூன்றாவது, வீக்கம். செருப்பு இறுகுகிறது. மெட்டி விரலில் பதிகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து, மெல்லத்தான் மறைகிறது. மாலையில் மிகுந்து காலையில் குறைகிறது. பின்னர் வயிறும் பெருக்கிறது. நம் முன்னோர் மகோதரம் என்று சொல்லிவந்த பெருவயிற்று நோய்களுள் சில இப்படி வந்தவையாக இருக்கக் கூடும்.

நான்காவது, சில நாட்களுக்குள் எடை கூடுதல். உண்பது குறைந்திருக்கிறது, ஆனால் எடை ஏறுகிறது. ஏறியது சதையன்று, நீர். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது தெளிவான எச்சரிக்கை.

ஐந்தாவது, காரணமில்லாத அயர்வு, இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்தது போன்ற உணர்ச்சி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், நெஞ்சு படபடப்பு. வயிறு நிறைந்தாற்போல் இருப்பதைத்தான் பலர் வாயு என்று சொல்லி, கடையில் மருந்து வாங்கி மாதங்களைக் கழித்துவிடுகின்றனர்.

மூச்சு வாங்குவதெல்லாம் இருதய நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்துமா, காசநோய், இரத்தசோகை ஆகியவற்றாலும் மூச்சு வாங்கும். சிறுநீரக நோய், கல்லீரல் நோய் ஆகியவற்றாலும் கால் வீங்கும். எது எதனால் என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பார், மின்பதிவு எடுப்பார், ஒலியலையைக் கொண்டு இருதயம் சுருங்கி விரிவதைக் கண்ணால் காணும் 'எக்கோ' சோதனைக்கு அனுப்புவார். ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் 1953-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முறை இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் நடைபெறுகிறது. அதற்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

உட்கார்ந்தும் மூச்சு விட முடியாத நிலை, இளஞ்சிவப்பான நுரையோடு கூடிய சளி, நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே 108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வண்டி வரும் வரை நோயாளியைப் படுக்க வைக்க வேண்டாம். மூச்சுத் திணறுபவரைக் கால் தொங்கும்படி நிமிர்த்தி உட்கார வையுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் படுக்க வையுங்கள்.

நாம் சொல்ல மறந்த ஒரு வார்த்தை

பல ஆண்டுகளுக்கு முன், கிராமத்து மருந்தகம் ஒன்றில் நாம் பணி செய்துகொண்டிருந்த காலம். அறுபது வயதுடைய விவசாயி ஒருவரை அவர் மனைவியும் மகனும் அழைத்து வந்தனர். வாய்க்காலோரம் அரை ஏக்கர் நிலம் உடையவர். மூன்று மாதமாக அவர் வீட்டுக்குள் படுக்கவில்லை. திண்ணையில் நெல் மூட்டையின் மேல் சாய்ந்தபடியே உறங்கியிருக்கிறார். புழுக்கத்துக்காக அப்படிப் படுக்கிறார் என்று வீட்டார் எண்ணியிருந்தனர். இருமலுக்கு ஒரு மருந்து, வாயுவுக்கு ஒரு மருந்து என்று வாங்கித் தந்திருந்தனர். காலில் அழுத்திய விரலின் பள்ளம் நெடுநேரம் மறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். ஒன்பது நாளில் 7 கிலோ நீர் இறங்கி, நடந்தே வீடு திரும்பினார். நம்மிடம் வந்து கைகூப்பி நின்றார். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டு மாதம் சென்றது. நடவுக் காலம். ஒரு நாள் நள்ளிரவில் அவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை தள்ளியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அவருடைய மனைவி பிறகு ஒரு நாள் வந்து, நாம் எழுதிக் கொடுத்த சீட்டைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கசங்காமல் மடித்து வைத்திருந்தார். "மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சிட்டோம், ஐயா" என்றார்.

அந்த அம்மையார்மீது குற்றம் ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தோம். தீர்ந்தது, காய்ச்சலும் போயிற்று. புண்ணுக்குக் கொடுத்தோம், அதுவும் அப்படியே ஆயிற்று. மருந்து என்றால் தீரும் வரை உண்பது என்று ஊருக்குக் கற்பித்தவர்கள் நாமே. இது தீர்வதற்காக உண்ணும் மருந்தன்று, நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்து என்ற ஒரு வார்த்தையை அன்று அவருக்கு நாம் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எங்கு போனாலும் சொல்லிவருகிறோம். இங்கும் சொல்கிறோம்: உடம்பு தேறிவிட்டது என்பதற்காக இருதய மாத்திரையை நிறுத்தாதீர்கள். தேறியிருப்பது அந்த மாத்திரையினால்தான்.

மருந்துகள் செய்யும் வேலை

ஆங்கில வைத்தியத்தில் இந்நோய்க்கு முதன்முதலில் நிலைபெற்ற மருந்து ஒரு கிராமத்து மூதாட்டியின் கைமருந்திலிருந்தே வந்தது. இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பகுதியில் நீர்வீக்கத்துக்கு ஒரு மூதாட்டி மூலிகை கொடுத்து வந்தார். 1775-ஆம் ஆண்டில் அதை அறிந்த வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், அக்கலவையில் வேலை செய்வது டிஜிடாலிஸ் என்னும் செடியே என்று தெளிந்து, பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-இல் நூலாக எழுதினார். அளவு சற்று மிஞ்சினால் அது நஞ்சு என்பதையும் அந்நூலில் எச்சரித்தார். நம் வேலியோரத்து அரளியிலும் இதே இனத்து நஞ்சு இருக்கிறது. ஆகையால் இலையையும் வேரையும் தாமே அரைத்துக் குடிக்கும் துணிச்சல் எவருக்கும் வேண்டாம்.

இன்று கொடுக்கப்படும் மருந்துகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வகை, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. இதன் பலன் சில மணி நேரத்திலேயே தெரியும். மற்றொரு வகை, இருதயத்தின் சுமையைக் குறைத்து, அது மேலும் கெடாமல் தடுத்து, ஆயுளை நீட்டிப்பது. இதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் சென்ற பின்னரே விளங்கும். எனலாபிரில் என்னும் மருந்தை வடஐரோப்பிய நாடுகளில் கடுமையான இருதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்து, 1987-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அம்மருந்து இல்லாதவர்களில் ஆறு மாதத்துக்குள் 100-க்கு 44 பேர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் 26 பேர் இறந்தனர். அதன்பின் இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்துகள், ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்து, முதலில் நீரிழிவுக்கென வந்து பிறகு இருதயத்துக்கும் உதவும் என்று கண்டறியப்பட்ட மருந்துகள் ஆகியன ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவற்றைச் சேர்த்து உண்பவர்களில் பலர் பல ஆண்டுகள் தம் வேலையைத் தாமே செய்துகொண்டு வாழ்கின்றனர். நீர் மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு, பலன் தெரியவில்லை என்று மற்றவற்றை விடுவது, களை எடுத்துவிட்டு வேலியைப் பிரிப்பதை ஒக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் உப்பு. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதை வீட்டுக் கணக்காகச் சொல்லுவோம். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பை குறைந்தது 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனி ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் சேராமல் வேறாக உடலுக்குள் போகிறது. பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமே போதும். உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பை வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இந்நோய்க்கான சில மருந்துகளோடு அது சேர்ந்தால் தீங்கு உண்டாகும்.

இரண்டாவது, எடை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே வகை உடையில் எடை பார்த்து, பால் கணக்கு எழுதும் மாத நாட்காட்டியிலேயே அந்தந்தத் தேதிக்கு நேரே எழுதி வாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அந்த நாட்காட்டியையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். திணறல் தொடங்குவதற்கு முன்பே அவர் மருந்தின் அளவைத் திருத்திவிடுவார்.

மூன்றாவது, வலி மாத்திரை. மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடும். நோயாளி எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும், தமக்கு இருதயத் தளர்ச்சி உண்டு என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான்காவது, நடை. இந்நோய் உள்ளவர் ஓயாமல் படுத்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். நோய் தணிந்து நிலைப்பட்டவர் வைத்தியர் சொல்லும் அளவில் நாள்தோறும் நடப்பது நன்மையே தரும் என்பது இன்றைய தெளிவு. நீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரே ஒவ்வொருவருக்கும் அளந்து சொல்வார். புகையும் மதுவும் அறவே கூடா.

ஊர் செய்ய வேண்டியவை

ஊராட்சி உறுப்பினர்களே, இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்னும் கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கப் பெற்றது. இதன்படி இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கொதிப்பை அளந்துகொண்டார்களா என்று கிராமசபையில் கேளுங்கள். அளக்காதவர்களின் வீடுகளைச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவியுங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு முதல் வேளை மருந்தைக் கிராமத்திலேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்காக 2023-ஆம் ஆண்டில் 'இதயம் காப்போம்' திட்டமும் வந்தது. மாரடைப்புக்கு விரைவில் சிகிச்சை கிடைத்தால் பின்னால் வரும் தளர்ச்சியும் குறையும். உங்கள் ஊருக்கு அருகில் இம்மருந்து எந்த நிலையத்தில் இருக்கிறது என்பதை ஊரார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

சுய உதவிக் குழுத் தாய்மார்களே, குழுவுக்கு ஓர் எடைப் பொறி வாங்கிப் பொதுவான ஓரிடத்தில் வையுங்கள். அதன் விலை ஒரு குடும்பம் ஒரு முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டிச் சத்தத்தைவிட மிகுதியாகாது. தெருவில் இந்நோய் உள்ளவர் இருந்தால், மாத்திரை தீரப் போகும் வாரத்தை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர்கள், தொண்டை வலிக்குப் பின் மூட்டு வீங்கிய பிள்ளையைக் கண்டால் பெற்றோரை அழைத்துச் சொல்லட்டும்.

இன்று இங்கிருந்து வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலுள்ள முதியவர் இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று பாருங்கள். திண்ணையில் சாய்ந்தபடி உறங்கினால், ஏன் என்று கேளுங்கள். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நெல் மூட்டையில் சாய்ந்து உறங்கிய அந்த விவசாயியிடம் மூன்று மாதத்துக்கு முன்பே ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று நாமும் சொல்லியிருந்தால், அவர் இன்னும் பல நடவுகளைக் கண்டிருக்கக் கூடும்.